மகசரில் கல் பதினொன்று

வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு வனத்துறை ரேஞ்சு ஆபீஸ் ஜீப் மீன் காட்சிச்சாலை வாசலில் வந்து நின்றபோது எலிசாள் மூன்றாம் தொட்டியின் உப்பை அளந்துகொண்டிருந்தாள். அளவுக் குழாயைத் துடைத்து வைத்து, நோட்டில் எண்ணை எழுதி முடித்த பிறகுதான் தலையைத் திருப்பினாள். பதினாறு வருஷமாக அப்படித்தான். பாறசாலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை படித்துவிட்டு, திருவனந்தபுரம் கடற்கரைப் பக்கத்துச் சின்ன மீன் காட்சிச்சாலைக்கு அட்டெண்டராக வந்தவள். தண்ணீரின் சூடு மூன்று வேளை, உப்பு இரண்டு வேளை. கிறிஸ்துமஸ் அன்றைக்கும் இந்தக் கணக்குத் தவறியதில்லை.

ஜீப்பிலிருந்து ஃபாரஸ்டர் ஜெயன் இறங்கினான். அவனும் பாறசாலைப் பக்கத்துக்காரன்தான்; அவளை அக்கா என்று கூப்பிடுவான். பின்னாலேயே கார்டுகள் இரண்டு பேர் ஆறு தெர்மோகோல் பெட்டிகளைச் சுமந்து வந்தார்கள். விடிகாலையில் யாரோ போனில் தகவல் சொல்ல, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் தூத்துக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கிய பேச்சிமுத்து என்பவனைப் பெட்டிகளோடு பிடித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது என்ன ஜாதி என்று காட்சிச்சாலைப் பொறுப்பாளர் நாகேஸ்வரன் சார் பார்த்து எழுதித் தரவேண்டும். அதற்குத்தான் வந்தது.

எலிசாள் முதல் பெட்டியைத் திறந்தாள். பிளாஸ்டிக் பையில் கடல் தண்ணீர். அதற்குள் மானின் கொம்பு போலக் கிளை கிளையாக ஒரு பவளம். கருப்பட்டி நிறம்; கிளைகளின் நுனி மட்டும் வெளுத்த நீலம். அந்த நுனியில்தான் அது வளரும். உயிரோடு இருந்தது.

ஆறு பெட்டியிலுமாகப் பதினொரு கொத்து. நான்கு ஏற்கெனவே செத்து வெளுத்துவிட்டன. ஏழுக்கு உயிர் இருந்தது. யாரையும் கேட்காமல் ஏழையும் பின்கட்டில் காலியாக இருந்த தொட்டிக்கு மாற்றினாள். செத்ததை இன்னொன்றில் போட்டாள். சட்டென்று போட்டுவிட முடியாது. பைத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாகக் கலந்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே விட வேண்டும். முக்கால் மணி நேரம் பிடித்தது. ஜெயன் அருகில் நின்று வேடிக்கை பார்த்தான்.

அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போன வருஷம் ஜூலையில்தான் பவளத்தையும் புலி, யானை இருக்கிற அதே முதல் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். எடுத்தால் குற்றம், வைத்திருந்தால் குற்றம், விற்றால் குற்றம். அவனுடைய ரேஞ்சில் இதுதான் முதல் பவள வழக்கு. சேர்த்ததிலும் தப்பில்லை. மன்னார் வளைகுடாவில் இந்த மான்கொம்புப் பவளத்தை வள்ளம் வள்ளமாக வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கு எரித்தது ஒரு காலம். மிச்சம் இருந்ததில் பாதியைத் தொண்ணூற்றெட்டு கோடையில் கடல் சூடேறி வெளுத்துப் போக வைத்தது. அதற்கும் தப்பியதை இப்போது ஓட்டல்காரர்களின் கண்ணாடித் தொட்டிக்காக உளி வைத்து உடைக்கிறார்கள். ஒரு சாண் வளர இரண்டு மூன்று வருஷம் ஆகும்; உடைக்க ஒரு தட்டுப் போதும்.

பொருளைப் பிடித்த இடத்தில் சாட்சி வைத்து எழுதிய மகசரில், ஜெயனின் கையெழுத்துக்கு மேலே எழுதியிருந்ததை அவள் வாசித்தாள். கல், எண்ணிக்கை பதினொன்று, எடை பதினான்கு கிலோ அறுநூறு கிராம்.

கல் இல்லை, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு உயிர் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் சேர்ந்து வீடு கட்டிக் குடியிருக்கின்றன என்று அவள் எடுத்துச் சொன்னாள். ஜெயன் தலையாட்டிக் கேட்டான். ரைட்டர் எழுதியாச்சு, சாட்சிகள் ஒப்புப் போட்டாச்சு, இனித் திருத்தினால் அடித்தல் திருத்தல் என்று வக்கீல் பிடித்துக்கொள்வான் என்றான்.

கோர்ட்டில் பொருளை ஒப்படைப்பது திங்கட்கிழமைதான். அதுவரை ரேஞ்சு ஆபீஸில் வைக்க இடமில்லை என்பதால் இங்கேயே இருக்கட்டும் என்று போய்விட்டான்.

அந்த மூன்று நாளும் எலிசாள் வீட்டில் இருந்த நேரம் குறைவு. சனிக்கிழமை இரண்டு கொத்துகள் கைவிட்டுப் போயின. ஞாயிறு ஆராதனை முடிந்து சேலை மாற்றாமல் நேராக வந்தவள், சாயங்காலம் விளக்கைக் குறைத்துவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். ஐந்து கொத்துகளிலும் ஓட்டைகளிலிருந்து ஊசிமுனைக் கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தண்ணீரைத் துழாவின. பஞ்சு பூத்த மாதிரி இருந்தது. நாகேஸ்வரன் சாருக்குப் போன் செய்தாள். வலியசாலையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார் அவர்.

"இத்தனை வருஷத்துல உசிரோட இவ்வளவு கிட்ட நான் பாத்ததில்லையாக்கும் எலிசா" என்றார்.

ஆனாலும் மறுநாள் விடிந்ததும் வந்து அவர் எழுதிய சான்றிதழில் ஜாதிப் பெயர் இருந்தது, பட்டியல் எண் இருந்தது. உயிருடன் என்ற சொல் இல்லை. அதையும் சேருங்கள் சார் என்று எலிசாள் இரண்டு தடவை கேட்டாள். ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார். கட்டம் இல்லாததை எழுதினால் மேலே விளக்கம் கேட்பார்கள். விளக்கம் கொடுத்தால் வேறு விளக்கம் கேட்பார்கள். ரிட்டையராக இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது.

திங்கட்கிழமை விழிஞ்ஞத்திலிருந்து கடல் தண்ணீர் கொண்டுவரும் நாள். கலங்கல் தண்ணீரைப் பிடித்து வந்துவிடுவார்கள் என்று எலிசாளே கேன்களோடு வண்டியில் போவாள். கோர்ட்டுக்குக் கொண்டுபோகும்போது தொட்டித் தண்ணீரோடு மூடிபோட்ட டப்பாக்களில்தான் கொண்டுபோக வேண்டும் என்று டப்பாக்களைக் கழுவித் தயாராக வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஜெயன் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஒன்பதரைக்கே வந்துவிட்டான்; சார் சான்றிதழை நீட்டிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

அவள் திரும்பியபோது டப்பாக்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. பின்முற்றத்து வெயிலில் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் பதினொன்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். கார்டு ஒருவன் குழாயில் ஹோஸை மாட்டிக் கடைசிக் கொத்தை அலசிக்கொண்டிருந்தான். ஜெயன் குனிந்து, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தான். பவளங்களிலிருந்து கொழகொழவென்று ஏதோ வழிந்து பேப்பர் நனைந்திருந்தது.

எலிசாள் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தாள்.

"நல்ல தண்ணியிலயா கழுவினிய?"

"பின்னே? கோழை மாதிரி வழியுதுல்லா அக்கா. துணி ஈரமா இருந்தா அரக்கு ஒட்டாது. முத்திரை இல்லாத தொண்டிய கோர்ட்டு வாங்காது கேட்டியளா."

தொண்டி என்றால் வழக்கில் பிடிபட்ட பொருள். அதைத் துணியில் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு உருக்கி முத்திரை குத்தி ஒப்படைக்க வேண்டும். சாராயப் பாட்டிலுக்கும் அதுதான் முறை, சந்தனக் கட்டைக்கும் அதுதான் முறை. சுத்தமாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். ஜெயன் முறை தவறாத ஆள். பதினொரு வருஷ சர்வீஸில் அவன் கட்டிய ஒரு மூட்டையும் முத்திரை கோணல் என்று திரும்பி வந்ததில்லை.

"அது கோழை இல்ல. சாவும்போ விடுத நீரு" என்றாள் எலிசாள். அவள் சத்தம் உயரவில்லை. "ஒரு மானைப் பிடிச்சா இப்பிடித்தான் கழுவி, வெயில்ல காயப்போட்டு, அரக்கு வைப்பியளா?"

"மான் ஓடும்லா. இது ஓடுமா?" என்றான் ஹோஸ் பிடித்த கார்டு. மற்றவன் சிரித்தான். ஜெயன் சிரிக்கவில்லை, அரக்கு ஆறிவிடும் என்பதால் தலையைத் தூக்கவும் இல்லை.

கடல் உப்புக்குப் பழகிய உடம்பு குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிஷம் தாங்காது. உள்ளே இருப்பது ஊறி வெடித்துப்போகும். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தும் போய்விட்டன. நேற்று ராத்திரி கை நீட்டியவை. எடுத்தவன் கடலில் உடைத்தான். அதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. காப்பாற்றக் கொண்டுவந்தவர்கள் குழாயடியில் கொன்றார்கள். அதற்கு முத்திரை உண்டு.

ஜீப் போன பிறகு தொட்டியைக் கழுவப் போனாள். அடியில் சரளைக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு நுனி கிடந்தது. அவர்கள் அவசரத்தில் தூக்கியபோது உடைந்து விழுந்திருக்க வேண்டும். கருப்பட்டி நிறம் மாறவில்லை. அதை ஒரு பாறைத் துண்டில் நைலான் நூலால் கட்டித் தொட்டியில் வைத்தாள். ஒட்டிக்கொண்டால் பிழைக்கும். ஒடித்து நட்ட முருங்கைக் கொம்பு மாதிரிதான் இதுவும். நோட்டில் எழுதினாள்: திங்கள், பதினொன்று நாற்பது, ஒன்று, உயிருடன்.

நாகேஸ்வரன் சார் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதறினார். மகசரில் இருப்பது பதினொன்று. இது பன்னிரண்டாவது. அனுமதி இல்லாமல் பட்டியல் ஒன்று உயிரினத்தை வைத்திருப்பது எளிதில் ஜாமீன் கிடைக்காத குற்றம் அல்லவா. கடலில் எறிந்துவிடு என்றார். விழிஞ்ஞத்து மணலில் அது ஒரு நாள் பிழைக்காது என்று அவருக்கே தெரியும். அப்படியானால் வழக்கு நாளில் கோர்ட்டிலேயே ஒப்படைத்துவிடு, என் தொட்டியில் இருக்கக்கூடாது என்றார். கோர்ட்டிலிருந்து எலிசாளுக்கு சம்மன் வந்திருந்தது. பொருள் மூன்று நாள் அவள் பொறுப்பில்தானே இருந்தது. அன்றைக்கு சாருக்கு காஷுவல் லீவு.

பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை, மூடி போட்ட வெள்ளை வாளியில் தொட்டித் தண்ணீர் நிரப்பி, கல்லோடு பவளத்தை உள்ளே இறக்கி, வெப்பமானியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு எலிசாள் ஆட்டோவில் ஏறினாள். இதை உயிரோடு திருப்பிக் கொண்டுவர ஒரு தாளில் ஒரு கையெழுத்து வேண்டும். அவள் கேட்கப் போனது அவ்வளவுதான். கிளம்பும்போது தண்ணீரின் சூடு இருபத்தெட்டு.

கோர்ட்டு வராந்தாவில் பேச்சிமுத்து நின்றிருந்தான். ஜாமீனில் வந்தவன். முப்பது வயசிருக்கும், கட்டட வேலைக்கு வந்த ஆள். வாளியைப் பார்த்துவிட்டு அவனாகத்தான் பேச்சுக் கொடுத்தான்.

"அதுல ஒண்ணு பொழச்சுக் கெடக்கா யம்மா? பஸ்ஸு குலுங்கும்னு ரெண்டு பெட்டிய மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன். தண்ணி சூடாவாம பாத்துக்கன்னு சொல்லித்தான் குடுத்து விட்டாவ."

இது ஐந்தாவது தடவை என்றும் சொன்னான். கோவளம் தாண்டி ஒரு பெரிய ஓட்டல்; வரவேற்பு ஹாலில் சுவர் அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி. செத்துச் செத்துப் போகும், புதுசு புதுசாக வரவழைப்பார்கள். அந்த ஓட்டலின் பெயரை ரேஞ்சு ஆபீஸில் சொன்னாயா என்று எலிசாள் கேட்டாள். மூன்று தரம் சொன்னானாம். எழுதவில்லையாம். அவனுக்காக வாதாட வந்திருந்த வக்கீலின் கோட்டையும் காரையும் பார்த்தால், கட்டட வேலைக்காரன் வைத்த வக்கீலாகத் தெரியவில்லை. யார் வைத்தது என்று தனக்குத் தெரியாது என்று பேச்சிமுத்து தரையைப் பார்த்துச் சொன்னான்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். பெஞ்சு கிளார்க் லீலாபாய் தொண்டி அறையிலிருந்து மூட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். அதைத் தூக்கி வந்த ப்யூன் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தான். ஹாலுக்குள் வந்ததும் எல்லார் கையும் மூக்குக்குப் போயிற்று. பத்து நாளாக அந்த அறையில் பினாயில் ஊற்றியும் நாற்றம் அடங்கவில்லையாம். முத்திரை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

வக்கீல் எடை போடச் சொன்னார். எதிரே இருந்த காய்கறிக் கடையிலிருந்து தராசு வந்தது. பன்னிரண்டு கிலோ நூறு கிராம். மகசரிலோ பதினான்கு அறுநூறு. இரண்டரைக் கிலோ எங்கே போயிற்று, வனத்துறையே எடுத்து விற்றுவிட்டதா, இப்படிப் பொருளே மாறிப்போன வழக்கு எப்படி நிற்கும் என்று வக்கீல் ஏறிக்கொண்டே போனார். மாஜிஸ்திரேட் ஜெயனைப் பார்த்தார். மூன்று நாள் மீன் காட்சிச்சாலையில் அட்டெண்டரின் பொறுப்பில் இருந்தது, அங்கே என்ன நடந்ததோ தெரியாது என்றான். எலிசாள் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

கூண்டில் ஏறிய எலிசாள் முதலில் பெயரைச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. நோட்டைத் திறந்தாள். எண்களைப் பார்த்ததும் குரல் வந்தது. வெள்ளிக்கிழமை வந்தது எத்தனை, உயிரோடு எத்தனை, சனிக்கிழமை செத்தது எத்தனை, ஞாயிறு சாயங்காலம் எத்தனை மணிக்கு ஐந்தும் விரிந்தன, திங்கட்கிழமை யார் வந்து, எந்தக் குழாயில், எந்தத் தண்ணீரில் கழுவினார்கள், எவ்வளவு நேரம் வெயிலில் போட்டார்கள். வாசித்துக்கொண்டே போனாள். குறைகிற இரண்டரைக் கிலோ யாரும் திருடியதல்ல, அதன் சதையும் அது குடித்திருந்த தண்ணீரும்தான் என்றாள்.

வக்கீல் சிரித்தார். மகசரில் கல் என்றுதானே இருக்கிறது, கல்லுக்கு ஏது சதை என்று மலையாளத்தில் கேட்டார். பின்வரிசையிலும் சிரிப்பு எழுந்தது.

எலிசாள் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, மலையாளத்திலும் தமிழிலும் ஒன்றாகவே இருக்கிற மூன்று சொல்லைச் சொன்னாள்.

"கல்லு நாறுமோ சாரே?"

மாஜிஸ்திரேட் கைக்குட்டையை மூக்கிலிருந்து மெல்ல எடுத்தார். சிரிப்பு நின்றது. வாளியில் என்ன என்று கேட்டார். அவள் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். காகிதம் நனைகிறது என்று லீலாபாய் கட்டுகளை இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்த மாஜிஸ்திரேட், ஒரு விரலைத் தண்ணீரை நோக்கி நீட்டினார். தொடாண்டாம் என்றாள் எலிசாள். விரல் பின்வாங்கியது. கொஞ்ச நேரம் பார்த்தார். இதுதானா அது என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்டார்.

அப்புறம் நிமிர்ந்தபோது பழைய முகம் வந்துவிட்டது. இதை வைத்துக்கொள்ள யார் அனுமதி தந்தது? யாரும் தரவில்லை என்று எலிசாள் உள்ளதைச் சொன்னாள். வக்கீல் உடனே எழுந்தார். ஒரு கை அசைவில் அவரை உட்காரவைத்துவிட்டு, வழக்கு ஒரு மாதம் தள்ளிவைப்பு, குழாயில் கழுவியதற்கு ரேஞ்சு ஆபீஸர் எழுத்தில் விளக்கம் தரவேண்டும், வாளியில் இருப்பதைப் பன்னிரண்டாவது பொருளாகச் சேர்த்து, காட்சிச்சாலையிலேயே பாதுகாக்க உத்தரவு என்று வாசித்தார். எலிசாளுக்கு மூச்சு வந்தது.

வந்த மூச்சை வெளியே விட லீலாபாய் விடவில்லை. மாஜிஸ்திரேட் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டிருந்தார். உத்தரவு டைப் அடித்துக் கையெழுத்தாகி வர நாலு மணியாகும். எண் போட்ட பொருள் உத்தரவு நகல் இல்லாமல் கோர்ட்டைவிட்டு வெளியே போக முடியாது. அதுவரை வாளி தொண்டி அறையில் இருக்க வேண்டும். துணியால் வாயைக் கட்டி, மேலே ஒரு சீல் வைத்துவிடலாம் என்று ப்யூனைக் கூப்பிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. முப்பது வருஷமாகச் செய்கிற வேலையைச் செய்தாள்.

எலிசாள் வெப்பமானியை வாளிக்குள் விட்டுப் பார்த்தாள். முப்பதரை; முப்பத்தொன்றைத் தாண்டினால் வெளுக்கத் தொடங்கும். மணி பன்னிரண்டு ஆகவில்லை. தொண்டி அறைக்கு ஜன்னல் கிடையாது. நாலு மணிவரை அங்கே இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட அவளுக்கு நோட்டு வேண்டியிருக்கவில்லை.

மூடியை அழுத்திப் போட்டு வாளியைத் தூக்கினாள்.

"ஏ, எவிடே போகுந்நு? அது கோர்ட்டு முதலாணு" என்றாள் லீலாபாய்; எங்கே போகிறாய், அது கோர்ட்டுச் சொத்து என்று.

"எழுதிக்கிடுங்க சேச்சி. எலிசாள் எடுத்துட்டுப் போனான்னு எழுதிக்கிடுங்க. நாலு மணிக்கு நானே வந்து கையெழுத்துப் போடுதேன். கேஸு போட்டாலும் வாறேன். இதைத் தொட்டியில விட்டுட்டுத்தான் வருவேன்."

ப்யூன் வழியை மறிக்கலாமா என்று லீலாபாயைப் பார்த்தான். லீலாபாய் மூட்டையைப் பார்த்தாள். அது இன்னும் மேசைமேல் நாறிக்கொண்டிருந்தது. ப்யூன் ஒதுங்கிக்கொண்டான்.

வாசல் படியில் ஜெயன் நின்றிருந்தான். தொப்பி கையில் இருந்தது. ஆட்டோவுக்காக அவள் ரோட்டைப் பார்ப்பதைக் கண்டு ஜீப்பின் பின்கதவைத் திறந்தான். அவள் ஒரு கணம் யோசித்தாள். அந்த ஜீப்பில் கால் வைக்க மனசில்லை. ஆனால் வெயிலில் ஆட்டோ தேடி நிற்பதற்கு இந்தத் தண்ணீரின் சூட்டில் இனி இடம் இல்லை. ஏறி உட்கார்ந்து, வாளியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டாள்.

வண்டி பாளையம் தாண்டியது. ஜெயன் முன்சீட்டிலிருந்து அரைப்பார்வையாகத் திரும்பினான்.

"தெரிஞ்சு செய்யல்ல அக்கா. முறைப்படிதான் செய்தேன்."

"தெரியும்" என்றாள் எலிசாள். "அதைத்தான் என்னால பொறுக்க முடியல்ல." வெப்பமானியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முப்பத்தொன்றைத் தொட ஒரு கோடுதான் பாக்கி. "இப்போ பேசாண்டாம். டிரைவரை வேகமாப் போகச் சொல்லுங்க. பள்ளம் வந்தா மட்டும் மெதுவா."